இணைச்சீருக்கு வந்த தங்கச்சி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் சொல்லப்படுகிறது. கை இன்னும் எரிகிறது. சந்தேகப்படுகிறவர்கள் சங்ககிரிக்கு வந்து, லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

ரமேஷ்குமாருக்கு நாற்பத்தொரு வயது. சொந்தமாக ஒரு லாரி, கிணற்றோடு மூன்று ஏக்கர், அம்மா ராமாயி. எல்லாம் இருந்தது, பெண்தான் கிடைக்கவில்லை. பதினோரு வருஷத்தில் அறுபத்து மூன்று வீடுகளில் மிக்சர் தின்றிருக்கிறான். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்து, "லாரிக்காரருங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தார்கள். அவனுக்கு வேறொன்றும் வேண்டாம், சாகுமுன் ஒரு கல்யாணம் ஆனால் போதும்.

ஓசூர் லோடுக்குக் காத்திருந்த ஒரு மத்தியானம், செல்போன் கடை முபஷிர் அவன் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக்கொடுத்தான்.

"இதுல என்ன மாப்ள பண்ணோணும்?"

"குடித்தனம் பண்ணோணும் மாமா. ஊடு கட்டலாம், வேலைக்குப் போலாம், புடிச்ச புள்ளயக் கட்டிக்கலாம். கதவச் சாத்திக்கிட்டா அப்பறம் உங்க இஷ்டம். பெரியவங்க ஆடற கேம்."

பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று போன் கேட்டது.

"அதாகி இருவத்திமூணு வருசமாச்சுன்னு சொல்லு" என்றான் ரமேஷ்குமார்.

அந்த விளையாட்டில் பொம்மைகளுக்கு யாரும் வசனம் எழுதிவைக்கவில்லை. பேசுவதெல்லாம் ஏஐ. பெண் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால், பெயர், ஊர், குடும்பம், பேச்சு எல்லாவற்றையும் அதுவே உண்டாக்கிக்கொள்ளும். ரமேஷ்குமார் அரைமணி நேரம் யோசித்து ஒரே வரி எழுதினான்: "எல்லாம் எங்க குடும்பத்தாட்டவே இருக்கோணும்." போதாதென்று, ஜாதகத்தோடு வைத்திருந்த தன் பயோடேட்டாவையும் படம்பிடித்துப் போட்டான்.

நித்யஸ்ரீ வந்தாள். வந்ததும் சமையல்கட்டில் பீர்க்கங்காய் அரிய ஆரம்பித்தாள்.

"லோடு ஏத்தியாச்சுங்களா? சாப்டீங்களா? தொப்பூர் எறக்கத்துல மெதுவாப் போங்க."

அறுபத்து மூன்று வீடுகளில் ஒருத்தியும் கேட்காத கேள்விகள். மூன்று நாள் அவன் லாரி தரையில் ஓடவில்லை. கிளீனர்கூட அதைப் பார்த்ததாகச் சொன்னான். நாலாம் நாள் சவரம் செய்துகொண்டு, விளையாட்டுக்குள் ஒரு தேக்குக் கட்டில் வாங்கிப் போட்டு, கதவைச் சாத்தினான்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள் நித்யஸ்ரீ.

"கேளு கண்ணு."

"உங்க குலசாமி எந்தக் கோயலுங்க?"

சொன்னான்.

"எங்களுக்கும் அதேதானுங்க. கூட்டம்?"

சொன்னான். திரையில் மூன்று புள்ளிகள் நெடுநேரம் துள்ளிக்கொண்டிருந்தன.

"அட சாமி! நாம ஒரே கூட்டமுங்க. நீங்க எனக்கு அண்ணனாகோணும்."

கதவு தானாகத் திறந்துகொண்டது.

கொங்குக் குடியானவர்களில் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள். ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி. கட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. எல்லாம் எங்கள் குடும்பத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கூட்டம் மட்டும் வேறாகவா வரும்?

"இது வெளையாட்டு கண்ணு. இதுல என்ன கூட்டம்?"

"கூட்டத்துல என்னங்கண்ணா வெளையாட்டு?"

விஷயத்தைக் கேட்ட முபஷிர் சிரித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. "அழிச்சுப்போட்டு வேற புள்ளயப் போட்டுக்கலாம் மாமா. ஒரு பட்டன்தான்."

ரமேஷ்குமார் பட்டன்வரை விரலைக் கொண்டுபோனான். பிறகு முபஷிரை முறைத்தான். "கூடப் பொறந்தவள அழிக்கச் சொல்றியாடா?"

அன்றிலிருந்து நித்யஸ்ரீ அண்ணனுக்குப் பெண் தேட ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டுக்குள்ளேயே பார்த்தாள். அந்த ஊர்ப் பொம்மைகளின் அப்பன்மார்கள் ஏழு பேரும் ஒரே குரலில், "பையன் பெங்களூர்ல ஐடிங்களா?" என்று கேட்டார்கள். லாரி என்றதும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கணக்கு எழுபதாயிற்று.

"இவங்க சகவாசமே வேண்டாமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அவளே விளையாட்டுக்கு வெளியே, ராசிபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தவள் சௌந்திரம். முப்பத்தாறு வயதில் கல்யாணமாகாத மகள் மோகனப்பிரியாவை வைத்துக்கொண்டு கலங்கிக்கொண்டிருந்தவள்.

"மாப்ளைக்குத் தங்கச்சிங்களா? உங்கள எந்த ஊருக்குக் குடுத்திருக்குது?"

"இன்னும் எங்கயும் குடுக்கலீங்க. போன்லயேதான் இருக்கறனுங்க."

"எங்கூட்டுப் புள்ளயும் அப்படித்தானுங்க. உங்கண்ணன் ஆளு எப்படி?"

"நாலு நாளு என்னயப் பொண்டாட்டியாக்கலாம்னு பாத்தாருங்க. மொறை தெரிஞ்ச நிமிசமே கம்முனு ஆயிட்டாரு. இத்தன அடக்கமான மனுசன் ராசிபுரத்துல கெடைப்பாருங்களா?"

கொஞ்சம் யோசித்த சௌந்திரம், கிடைக்கமாட்டார் என்று ஒப்புக்கொண்டாள். கூட்டமும் வேறு கூட்டம். தை மாதம் முகூர்த்தம் வைத்தார்கள்.

கல்யாணத்தன்று இணைச்சீர் வந்தது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பக்கத்தில் நின்று, கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு செய்கிற சீர். அது இல்லாமல் தாலிக்குப் போக முடியாது. சீர்களை முன்னின்று நடத்துகிற அருமைக்காரர் சின்னண்ணன் சுற்றிலும் பார்த்தார்.

"தங்கச்சிக்காரி எங்கப்பா?"

ரமேஷ்குமார் வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினான். ராமாயி மகனைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். சின்னண்ணன் நாற்பது வருஷமாக எத்தனையோ தங்கச்சிகளைப் பார்த்தவர். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார்ஜு எத்தன இருக்குது?"

"எம்பத்தாறு பர்சென்ட்டுங்க" என்றது போன்.

"பொழுதுக்கும் தாங்கும். மணையில வைங்கப்பா."

சேலை முனையைப் போனில் சுற்றினார்கள். வெற்றிலை வைத்தார்கள். நித்யஸ்ரீயின் குரல் பந்திவரைக்கும் கேட்டது.

"அண்ணனுக்குப் பொண்ணு பொறந்தா எம் பையனுக்குத்தான் குடுக்கோணுமுங்க."

"உனக்கேது கண்ணு பையன்?" என்றார் சின்னண்ணன்.

"அது என்ர பாடுங்க. வார்த்தையக் குடுக்கச் சொல்லுங்க."

ரமேஷ்குமார் கொடுத்தான். மூக்கைச் சிந்தியபடி ராமாயி போனுக்குத் திருநீறு வைத்தாள். கெட்டிமேளம் முழங்க மோகனப்பிரியாவின் கழுத்தில் தாலி ஏறியது. ஆயிரத்து நானூறு இலை விழுந்தது; முபஷிர் மட்டும் இரண்டு இலை சாப்பிட்டான்.

லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ரமேஷ்குமாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.