தொட்டால் போதும்

"மெஷின் மேல கைய வச்சு 'வாங்கிட்டேன்'னு சொல்லு. அப்புறம் 'வித்துட்டேன்'னு சொல்லு. அவ்வளவுதான். அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" டெராஹ்மான் காப்பிக் கோப்பையைச் சத்தமாக வைத்தான்.

அவன் மனைவி ரொபியா உரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீன் சதை இன்னும் மசியவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது. உலக்கையைத் தூக்கும்போதெல்லாம் வலி தோள்வரை இழுத்தது. மீனை இடித்து முடிப்பதற்குள் வெயில் பாதி போய்விடும். அப்புறம் கெரோப்போக் மீன் அப்பள வில்லைகளை எங்கே காயவைப்பது?

"எனக்குக் காசு வேணாம், மெஷின்தான் வேணும்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அது கொடுக்கறதுக்கு இல்லையாம். தொடறதுக்குத்தானாம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் மீசையைத் துடைத்துக்கொண்டான்.

அவனுடைய அண்ணன் ஹாஜி வான் யூசோஃப், பள்ளிவாசல் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். வட்டி ஹராம் என்பதால் சங்கம் கடன் கொடுப்பதில்லை, பொருள் விற்கும். சங்கக் கூடத்தில் நிற்கும் மீன் அரைக்கும் இயந்திரத்தைக் கூடுதல் விலைக்கு, தவணையில், நீங்கள் வாங்க வேண்டும். அடுத்த மூச்சிலேயே அதைக் குறைந்த விலைக்குச் சங்கத்துக்கே விற்றுவிட்டுக் காசை வாங்கிக்கொள்ள வேண்டும். இயந்திரம் நின்ற இடத்தைவிட்டு நகராது. இரண்டு விலைக்கும் நடுவில் உள்ளதற்குப் பெயர் லாபம். முடிவெட்டுகிறவன் அதை வாங்கி விற்றிருக்கிறான். துணிக்கடைக்காரியும் அப்படியே. போன மழைக்காலத்தில் வலை வாங்குவதற்காக டெராஹ்மானும் தொட்டுவிட்டு வந்தவன்தான்.

"நெசமாவே வித்தா என்னவாம்? அதத்தானே மார்க்கம் சொல்லுது?"

"நெசமா வித்தா ரிப்பேர் வரும், குறை வரும், திருப்பி எடுக்கணும். அந்தத் தலைவலி எதுக்குங்கறாரு."

சங்கம் தரும் காசுக்கு நகரத்தில் இதில் பாதி இயந்திரம்கூட வராது. அதை அவள் விசாரித்துவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த நேரம். சங்கத்தின் கூடம் நிறைந்திருந்தது. ஹாஜியார் அத்தர் மணக்க நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"வாம்மா. பிஸ்மி சொல்லிக் கைய வை. பொருள் உன் கைக்கு வந்ததுக்கு அடையாளம் வேணும், இல்லேன்னா வியாபாரம் செல்லாது."

பிளாஸ்டிக் உறை கிழிந்து, கைபடும் இடம் மட்டும் கறுத்துப் பளபளத்தது. தலை எண்ணெய், பவுடர், வியர்வை. தெருவின் அவசரமெல்லாம் அந்த ஒரு சாண் இடத்தில் படிந்திருந்தது. ரொபியா உள்ளங்கையை வைத்தாள். ஒட்டியது. ஈரக் கல்லைப் புரட்டிப் புழுவைத் தொட்டதுபோல் உடம்பு கூசியது. மீன் குடலைக் கையால் உருவி எறிகிறவள் அவள். ஒருநாளும் இப்படிக் குமட்டியதில்லை. இலையைக் காசாக வைத்துக் கடை விளையாடும் பிள்ளைகளுக்குக்கூட அது விளையாட்டு என்று தெரியும். இங்கே இத்தனை தாடிகள் யார் முன்னால் நடிக்கின்றன? யாரை ஏமாற்ற?

"வாங்கிட்டேன்," என்றாள்.

"மாஷா அல்லாஹ். அடுத்தது?"

கணக்கர் லொக்மான் எடுத்த நோட்டுக்கட்டு அவர் கையிலேயே நின்றது.

"'வித்துட்டேன்'னு சொல்லும்மா. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

"விக்க எனக்கு மனசில்ல ஹாஜியார்."

யாரோ இருமினார்கள். டெராஹ்மான் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வழக்கம் தெரியாதா உனக்கு? எல்லாரும் வித்துட்டுத்தான் போறாங்க."

"அவங்க இஷ்டம். நான் வித்தே ஆகணும்னு கட்டாயமா? அப்படின்னா அது வியாபாரமா, வட்டியா? நீங்களே சொல்லுங்க. இத்தனை பேரு சாட்சி இருக்காங்க."

ஹாஜியாரின் வாய் திறந்தது. கட்டாயம் என்றால் இத்தனை வருடத்து லாபமும் அந்த நிமிடமே வட்டியாகிவிடும். இல்லை என்றால் இயந்திரம் போய்விடும். வாய் மூடியது. அத்தர் வாசனையையும் மீறி அவரது வியர்வை நாறியது.

"குடும்ப மானத்தக் கூடத்துல கொண்டாந்து வைக்கிறியே!"

"தவணை ஒண்ணும் தவறாது," என்றாள் ரொபியா. பிறகு கணவனிடம் திரும்பினாள். "அந்தப் பக்கம் புடிங்க."

அவன் அண்ணனைப் பார்த்தான். அவளது வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தான். தலையைக் குனிந்தபடியே மறுபக்கத்தைப் பிடித்தான்.

வீட்டில் அதைக் கொதிநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள். கறுப்புத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. மறுபடி தேய்த்தாள், மறுபடியும் ஓடியது. தன் கையை முகர்ந்து பார்த்தாள். முதல் மீனை அரைத்த பிறகுதான் அந்த வாடை அடங்கியது.

அடுத்த வாரம் டீக்கடை கல்சோம் வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு என் முறை. இப்ப சங்கத்துல ஃபேனை விக்கிறாங்க."

"எந்த ஃபேனு?"

"ஹாஜியார் தலைக்கு மேல சுத்துதே, அதான். தொடவும் வேணாமாம். அண்ணாந்து பார்த்துட்டு 'வாங்கிட்டேன்'னு சொன்னா போதுமாம்." கல்சோம் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பாத்திரம் வாங்கக் காசு வேணுமே, என்ன செய்ய?"

"உன் கடையில ஃபேன் இருக்கா?"

"ஏது? வர்றவங்க விசிறிக்கிட்டுத்தான் குடிக்கிறாங்க."

ரொபியா இயந்திரத்தை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். டெராஹ்மானின் சாமான் பெட்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து கல்சோம் கையில் வைத்தாள்.

"ஏணி அவங்ககிட்டயே இருக்கும்," என்றாள்.