பிரகாஷின் நாற்பத்து நான்காவது கைசன்

பிரகாஷ் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்த அன்று, அவன் மனைவி தர்ஷினி அழவில்லை, சத்தமும் போடவில்லை. நிபந்தனை போட்டாள்.

"நோட்டீஸ் அறுவது நாளு. அதுக்குள்ள ஒரே ஒரு கம்பெனியாச்சும் எழுத்துல ஆர்டர் குடுக்கணும். குடுக்கலன்னா போயி லெட்டர வாபஸ் வாங்கிட்டு வந்துடணும். சரியா?"

"அறுவது நாளே அதிகம்" என்றான் பிரகாஷ். அவன் குரலில் அவ்வளவு தெம்பு.

தெம்புக்குக் காரணம் இருந்தது. ஓசூரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எட்டு வருடமாகத் தரம் பார்க்கிற இன்ஜினியர் அவன். சொந்தமாகக் கம்பெனி தொடங்கும் ஆசை இரண்டு வருடமாக அவனைத் தூங்கவிடவில்லை. யோசனையும் தானாக வந்து சேர்ந்தது. தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து அவன் ஏறிப்போகிற கம்பெனி பஸ்ஸிலேயே அது உட்கார்ந்திருந்தது. குருபரப்பள்ளி, மேலுமலை, சூளகிரி, காமன்தொட்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் லீவு, யார் வருவார்கள் என்று தெரியாமல் டிரைவர் சென்றாயன் ஹாரன் அடித்தபடி காத்திருப்பார். லீவு போட்டவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்க, நாற்பது பேர் ரோட்டில் கொட்டாவி விடுவார்கள். பஸ் தினமும் பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

பிரகாஷின் ஆப் இதற்குத்தான். முதல் நாள் சாயங்காலமே ஆளாளுக்கு போனில் 'வருகிறேன்', 'வரவில்லை' என்று தட்டிவிட வேண்டும். ஆளில்லாத நிறுத்தத்தில் பஸ் நிற்காது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த அவ்வளவுதானைச் செய்துகொடுக்க பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஏழு மாதம் கேட்டது. அதிலும் முதல் மாதம் முழுக்கப் பேசுவார்களாம். பிரகாஷ் மனம் உடைந்து திரும்பினான். அதற்குப் பிறகுதான் கோடு, அதாவது கணினி நிரல், எழுதாமலே ஆப் செய்யலாம் என்கிற இணையதளம் அவன் கண்ணில் பட்டது. கட்டம் கட்டமாக மவுஸால் இழுத்து வைக்க வேண்டியதுதான், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அங்கே ஓட்டலில் மேசை பதிவு செய்கிற ஆப் ஒன்று தயார் மாதிரியாகக் கிடந்தது. மேசையை பஸ் சீட்டாக்கினான், ஓட்டல் கிளைகளை நிறுத்தமாக்கினான். நான்கே நாள். ஏழு மாத வேலை நான்கு நாளில் முடிந்ததும் அது மனிதனின் தலைக்கு ஏறாமல் என்ன செய்யும்? ஐந்தாம் நாள் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டான்.

சோதனைக்கு குருபரப்பள்ளி நிறுத்தத்துப் பெண்கள் பதினோரு பேரைப் பிடித்தான். முதல் நாள் காலையிலேயே வீரலட்சுமி பஸ்ஸில் அவன் சீட்டுக்கு வந்து போனை நீட்டினாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இரண்டாம் லைனில் அசெம்பிளி பார்க்கிறவள்.

"சார், ஒங்க மேசை தயார்னு மெசேஜ் வந்திருக்கு. டிபனும் உண்டுமா?"

பஸ்ஸில் சிரிப்பு அடங்க சூளகிரி ஆயிற்று. ஓட்டல் மாதிரியிலிருந்த வாசகத்தை மாற்ற மறந்திருந்தான். ஆர்டர் தேடி அலைய வேண்டியிருந்ததால், மாற்றுகிற வழியை இடைவேளையில் அவளுக்கே காட்டிப் பாஸ்வேர்டையும் கொடுத்தான். அவள் மாற்றினாள். மறு வாரம் நிறுத்தங்களை வரிசை மாற்றினாள். அடுத்த வாரம் மனிதவளப் பிரிவின் பணியாளர் பட்டியலோடு ஆப்பை இணைத்து, லீவு போட்டவர் பெயர் தானாகவே நீங்கிவிடும்படி செய்தாள். ஒரு மாதத்தில் பஸ் முழுக்க அதைத் தட்டியது, பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிரகாஷுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் ஆப் அவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா!

ஆர்டர்தான் வரவில்லை. ஓசூரில் அவன் ஏறி இறங்காத கேட் இல்லை. ஓரிடத்தில் ஆடிட் முடியட்டும் என்றார்கள், இன்னோரிடத்தில் செக்யூரிட்டியைத் தாண்டவே முடியவில்லை. போச்சம்பள்ளியில் ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஆளுங்க பைக்ல வர்றாங்க சார்" என்றார். ஐம்பத்தேழு நாள் ஓடிவிட்டது. தர்ஷினி காலண்டரில் தேதியை மட்டும் கிழித்தாள்.

கடைசியில் தன் கம்பெனியிடமே விற்றுவிடுவது என்று முடிவு செய்து, உற்பத்தி மேலாளர் குருமூர்த்தியிடம் போனான்.

"பெரியவர் கிட்ட வளவளன்னு பேசாதப்பா" என்றார் குருமூர்த்தி. பெரியவர் என்பது தொழிற்சாலைத் தலைவர். "ஒரு பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாரு. முன்பு, பின்பு, பயன். முடிஞ்சது."

முன்பு, பின்பு, பயன் என்பது கைசன் தாள். வேலையில் யாராவது ஒரு சின்னத் திருத்தம் கண்டுபிடித்தால் எழுதிக் கொடுக்கிற தாள் அது. இடப்பக்கம் பழைய நிலை, வலப்பக்கம் புதிய நிலை, கீழே பயன், அதற்கும் கீழே பணியாளர் எண். ஓசூரில் பாதிப் பேருக்குக் கனவில்கூட அந்தத் தாள்தான் வரும். பிரகாஷ் இதுவரை நாற்பத்து மூன்று எழுதியவன். கை தானாகப் போய் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்தது. 'முன்பு': காத்திருக்கும் பஸ். 'பின்பு': நேரத்துக்கு வந்த பஸ். 'பயன்' கட்டத்தில் விற்பனைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நிறுத்தி அழகாக எழுதினான்: 'நான்கு நாளில் செய்தது. கோடு தேவையில்லை. யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பராமரிக்கத் தனி ஆள் வேண்டாம்.' அடியில் கட்டம் இருந்ததால் பணியாளர் எண்ணையும் கையெழுத்தையும் போட்டான். கட்டம் காலியாக இருந்தால் அவனுக்குப் பொறுக்காது.

மறுநாளே குருமூர்த்தி லைனுக்கு ஓடி வந்தார். "அப்ரூவ்டுப்பா! பெரியவர் ஒரே பார்வைல கையெழுத்துப் போட்டாரு!"

பிரகாஷ் கேன்டீன் பின்னால் போய் நின்று தர்ஷினியைக் கூப்பிட்டான். "ஆர்டர் வந்துருச்சு" என்றான். "நாளைக்கு கேசரி கிளறி வெக்கறேன், நேரமா வா" என்றாள். அந்தப் பெண் இத்தனை நாளாக எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அந்தக் குரலில்தான் அவனுக்குத் தெரிந்தது.

அறுபதாம் நாள் காலைக் கூட்டத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். இந்த மாதத்தின் சிறந்த கைசன். பெரியவர் கை கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள், மூன்று அடுக்கு ஹாட்பாக்ஸ் ஒன்றைக் கையில் திணித்தார்கள். பிரகாஷ் கைதட்டலுக்கு நடுவே ஹாட்பாக்ஸைப் பார்த்தான்.

"சார், பர்சேஸ் ஆர்டர்?" என்று குருமூர்த்தியை ஓரமாக இழுத்துக் கேட்டான்.

"எதுக்குப்பா? நம்ம கைசனுக்கு நாமே ஆர்டர் போடுவமா?" அவர் நிஜமாகவே குழம்பினார். "ஸ்டாஃப் அந்தத் தாள்ல எழுதிக் குடுத்தா அது கம்பெனியோடது. நீ கையெழுத்துப் போட்டியே, அடில சின்ன எழுத்துல இருக்கும். வெளியாளா வந்திருந்தீன்னா சப்ளையர்னு பதிவு பண்ணவே மூணு மாசம். ஒரே நாள்ல முடிஞ்சுதுன்னு சந்தோஷப்படுவியா!"

நாற்பத்து மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போட்ட வரி அது. நாற்பத்து நான்காவது முறையும் அவன் அதைப் படிக்கவில்லை.

மானம் பார்க்க நேரமில்லை. ஹாட்பாக்ஸோடு நேராக மனிதவளப் பிரிவுக்கு ஓடினான். அங்கே இருக்கும் சுகுணா நல்ல பெண்தான்.

"லெட்டர வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்."

"ஒங்க எடத்துக்கு ஆளு திங்கட்கிழம சேர்றாங்க சார்" என்றாள் சுகுணா வருத்தத்தோடு. "நானே கேட்டேன், ஆப்ப பாத்துக்கறதுக்காச்சும் இவர வெச்சுக்கலாமேன்னு. பெரியவர் தாள எடுத்துக் காட்டுனாரு. தனி ஆள் வேண்டாம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்."

பிரகாஷுக்கு அழுகை வந்தது. அந்த வரியை நிறுத்தி அழகாக எழுதியது நினைவுக்கு வந்ததும், அழக்கூட வெட்கமாக இருந்தது.

நான்கு மணிக்கு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவன் பெயரைப் பணியாளர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஐந்தரைக்கு பஸ் அருகே போனான். வேறு எப்படி வீட்டுக்குப் போவது?

சென்றாயன் போனை மேலும் கீழும் தள்ளினார். "ஏமி சார் இது, ஒங்க பேரக் காணோமே. பேரு இல்லாதவங்கள ஏத்தக் கூடாதுன்னு நேத்துலருந்து உத்தரவு."

"நான் செஞ்ச ஆப்புங்க அது!"

"அது எனக்குத் தெரியாதா சார்? ஆப்புக்குத்தான் தெரியல."

பின்னால் நாற்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். கையில் ஹாட்பாக்ஸோடு படிக்கட்டில் நின்ற பிரகாஷுக்கு உடம்பெல்லாம் கூசியது. தர்ஷினி போனில் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"ஒரு நிமிசம் பொறுங்க சார்" என்றாள் மூன்றாம் சீட்டிலிருந்த வீரலட்சுமி. போனை மடியில் வைத்து விரலால் இரண்டு மூன்று கட்டங்களை இழுத்தாள், எதையோ தட்டினாள். சென்றாயன் கையிலிருந்த போன் சிணுங்கியது.

"விருந்தினர், ஒரு ஆளு" என்று வாசித்தார் அவர். "இப்ப ஏறுங்க சார்."

பிரகாஷ் ஏறி அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தான். அவனாக இருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவமானத்துக்கு நடுவிலும், இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அவனுக்குள் எழுந்தது. முதலாளி ஆசை அவ்வளவு லேசில் போகிற வியாதி இல்லை.

"வீரலட்சுமி, நான் ஆரம்பிக்கிற கம்பெனிக்கு வேலைக்கு வர்றீங்களா?"

அவள் ஹாட்பாக்ஸைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். கேலியே இல்லாமல் சொன்னாள்.

"வாரேன் சார். மொதல்ல ஒங்களுக்கு ஒரு வேலை கெடைக்கட்டும்."