வலப்பக்கம் திரும்பினவன்

அறுபத்தெட்டாம் வருசம். சேலத்துக் கல்லூரி மைதானத்தில் நாற்பது பையன்கள் காக்கி உடுப்பில் விறைப்பாக நின்றார்கள். என்.சி.சி. என்கிற பட்டாளப் பயிற்சிக்கு அன்று கடைசிப் பரீட்சை. தேறிச் சர்டிபிகேட் வாங்கினால் பட்டாளத்து ஆபீசர் வேலைக்குப் போவது சுலபம். ராசிபுரத்து நெசவுக்கார வீட்டு மணியனுக்கு அதைவிட்டால் கதியில்லை. அப்பன் இல்லாத வீடு, மூன்று தங்கச்சிகள்.

வந்தது பாருங்கள் வம்பு! கட்டளை இந்தியில்தான் என்றது டெல்லி. இந்தி கூடவே கூடாது என்றது மெட்ராஸ். பெரிய இடத்து மல்லுக்கட்டுக்கு அகப்பட்டது இந்தப் பையன்கள்தானா? இந்தியில் கத்தினால் ஒருத்தனும் அசையக் கூடாது என்று முதல் நாளே கூடிப் பேசிவிட்டார்கள். சத்தியம் வாங்கினவன் சின்னுசாமி, மணியனின் உயிர் சிநேகிதன். மூன்று வருசத்துக்கு முந்தி இந்தி எதிர்ப்பில், குமாரபாளையத்துத் துப்பாக்கிச் சூட்டில் அண்ணனைப் பறிகொடுத்தவன். மணியனும் அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

வடக்கிலிருந்து வந்த மேஜர் அடிவயிற்றிலிருந்து கத்தினார்: “தாஹினே முட்!” வலப்பக்கம் திரும்பு என்று அர்த்தம்.

முப்பத்தொன்பது பேர் கல்லாட்டம் நின்றார்கள். மணியன் மட்டும் வலப்பக்கம் திரும்பிவிட்டான். ஐயோ, வேணுமென்றா செய்தான்! மூன்று வருசம் பயிற்சி வாத்தியார் தோமினிக் சார் வெயிலில் போட்டுப் பழக்கின காலுக்குச் சத்தியம் எங்கே தெரியும்? மூக்குக்கு நேரே சின்னுசாமியின் இடது காது. மறுபடி நேராக நின்றுவிடலாம், ஒரு நொடி வேலை. தங்கச்சிகள் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றான். அது காலின் குற்றமில்லை, அவனே செய்தது.

மேஜர் அவன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். ஊர் திரும்பும் பஸ்ஸில் சின்னுசாமி பக்கத்து சீட்டிலிருந்து எழுந்துபோய் நின்றுகொண்டான்.

ஒரு மாசம் கழித்துத் தோமினிக் சார் கூப்பிட்டார். “டெல்லியும் இறங்கி வரலே, மெட்ராசும் இறங்கி வரலே. நம்ம பக்கம் என்.சி.சி.யே நிறுத்தியாச்சுப்பா. அந்தப் பரீட்சை செல்லாது. யாருக்கும் சர்டிபிகேட் கிடையாது,” என்றார். மணியனுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

அன்றைக்கே சின்னுசாமி வீட்டுக்குப் போனான். அவன் அம்மா குஞ்சம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“அவன் ஊட்டுல இல்ல சாமி,” என்றாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறி சட்டென்று நின்றது.

போகத் திரும்பினவனை அவளே நிறுத்தினாள். “அன்னிக்கு நீ ஒருத்தன்தான் திரும்புனியாமா? பட்டாளத்து வேலை கெடச்சுருச்சா?”

“இல்லீங்கம்மா. யாருக்குமே இல்லேன்னுட்டாங்க.”

குஞ்சம்மாள் குரலில் கோபமே இல்லை. “அப்புறம் எதுக்குச் சாமி திரும்புனே?” என்று கேட்டாள்.