பழையகாயல் சாலையில் ஒரு கை

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ரோச் தன் புல்லட்டைத் துடைக்க உட்கார்ந்துவிடுவான். பெற்றவளுக்கு ஒருநாளாவது தைலம் தேய்த்துவிட்டானா என்று கேட்கக்கூடாது; வண்டி மட்டும் மினுமினுவென்று இருக்க வேண்டும். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கப்பல் சரக்கை வெளியே எடுக்கத் தாள் எழுதும் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் அவன் தலைமைக் குமாஸ்தா. கூட வேலை பார்த்த தேவபிரசாதம், சத்தியராஜ், வன்னியபெருமாள் மூன்று பேருக்கும் அவன் சொன்னதுதான் சட்டம்.

"ஏலே, ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்புதோம். சூரியன் வாறதுக்குள்ள கன்னியாகுமரியில நிக்கணும்" என்றான் ஒரு சனிக்கிழமை.

இரண்டு வண்டி, நாலு பேர். புல்லட்டில் ரோச்சுக்குப் பின்னால் தேவபிரசாதம். சத்தியராஜின் ராஜ்தூத்தில் வன்னியபெருமாள். ஊர் தாண்டியதும் பாட்டும் கூச்சலும் ஹாரனும்தான். கல்யாணம் ஆகாத பயல்கள், கேட்பானேன்!

பழையகாயலை நெருங்கும்போது, உப்பளங்களை ஒட்டிய வளைவில், நசுங்கிய சைக்கிள் ஒன்று வெளிச்சத்தில் தெரிந்தது. பக்கத்தில் ஒரு ஆள் கிடந்தான். ரோச் வேகத்தைக் குறைத்தான். அந்த ஆளால் தலையைத் தூக்க முடியவில்லை. ஒரு கையை மட்டும் மெல்லத் தூக்கினான். தேவபிரசாதம் அதைப் பார்த்துவிட்டான்.

"உசுரு இருக்குலே! நிப்பாட்டு!"

"சும்மா இருல. நிப்பாட்டுனா நாமதான் இடிச்சோம்பான். எங்க மாமா இப்படித்தான் ஒருத்தனத் தூக்கிட்டுப் போயி, சாட்சி சொல்ல ஒம்பது வாய்தா அலைஞ்சாரு. பின்னால எவனாவது லாரிக்காரன் வருவான், பாத்துக்கிடுவான்."

பயந்தவனுக்கு எப்போதும் இப்படி ஒரு மாமா இருப்பார். புல்லட் பறந்தது. ராஜ்தூத்தும் பின்னாலேயே பறந்தது.

திருச்செந்தூரில் டீக்கடை திறந்திருந்தது. தேவபிரசாதம் டீ கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தான். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்து சாலையைப் பார்த்தான். வந்து நின்ற லாரி ஒன்றின் டிரைவரிடம் ஓடிப்போய், "அண்ணாச்சி, வாற வழியில யாராவது கெடந்தாங்களா?" என்று கேட்டான்.

"ஆமா, கெடந்தான். எவன் தம்பி அந்த வம்புல மாட்டுவான்?" என்று சொல்லிவிட்டு டிரைவர் வாய் கொப்பளித்தான்.

தேவபிரசாதம் கிளாஸை வைத்தான். "நீங்க போங்கல. நான் திரும்பப் போறேன்" என்று வந்த வழியே நடக்கத் தொடங்கினான்.

"கோட்டிக்காரா! இருவது கிலோமீட்டர் நடக்கவா போற?" என்று ரோச் கத்தினான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியராஜ்தான் முதலில் ராஜ்தூத்தை உதைத்தான். அப்புறம் ரோச்சுக்கும் வேறு வழியில்லை.

அந்த ஆள் அங்கேயேதான் கிடந்தான். கை கீழே விழுந்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகிவிட்டிருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. காலைத் துண்டால் இறுக்கிக் கட்டி, புல்லட்டில் நடுவில் உட்காரவைத்து, தேவபிரசாதம் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டான். பெரியாஸ்பத்திரி வரும்வரை, "தூங்கிராத, தூங்கிராத" என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உயிர் பிழைச்சிருவான். கால எடுக்கணும். ஒரு மணி நேரம் முந்தி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

ஏட்டு வந்தார். பேர் என்ன, எங்கே வேலை, எங்கே பார்த்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். "நல்ல காரியம் பண்ணுனிய, வீட்டுக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆபீசில் ரோச்சுக்கு மாலை போடாத குறை. மேனேஜர் எழுந்து வந்து கைகொடுத்தார். ரோச்சும் வாய் நிறையச் சிரித்து வாங்கிக்கொண்டான். தேவபிரசாதத்துக்கு மூன்று ராத்திரியாகக் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் அந்தக் கைதான் எழும்பியது.

நாலாம் நாள் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவன் பெயர் சங்கிலிமாடன். உப்பளத்தில் உப்பு வாருகிறவன். வயது இருபத்தெட்டு, இவர்கள் வயதுதான். வெயிலுக்கு முந்தி உப்பு வார நடுராத்திரியிலேயே வேலைக்குப் போகும்போது லாரி தட்டிவிட்டிருந்தது. அவன் மனைவி சுடலைமாடத்தி ஓடிவந்து இருவர் காலிலும் விழுந்தாள்.

"எங்க கொலசாமி நீங்கதான்!"

"எந்திரிம்மா, எந்திரி" என்று தேவபிரசாதம் பதறிப் பின்வாங்கினான்.

சங்கிலிமாடன் கையெடுத்துக் கும்பிட்டான். "உங்களுக்கு முந்தி ரெண்டு பைக்கு போச்சு சார். கையத் தூக்குனேன். மெதுவாக்குனானுவ. பொறவு முறுக்கிட்டுப் போயிட்டானுவ."

"அவனுவெல்லாம் மனுசப் பிறவியா?" என்றான் ரோச். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

தேவபிரசாதம் கையிலிருந்த ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தான். "அது நாங்கதான்" என்றான்.

ரோச் அவன் கையைக் கிள்ளினான். அவன் நிறுத்தவில்லை. "அந்த ரெண்டு பைக்கும் நாங்கதான். திருச்செந்தூர் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பி வந்தோம்."

சுடலைமாடத்தி எழுந்து நின்றாள். "இவரு கையத் தூக்குனது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. நான் பாத்தேன்."

"பொறவு ஏன் போனிய?"

"போலீசு, கோர்ட்டுன்னு பயந்தோம். அந்த ஏட்டு கேட்டது மூணே மூணு கேள்வி. நாங்க பயந்ததுக்கு எங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல. இவரு கால்தான் போச்சு."

ரோச் தலை குனிந்திருந்தான். சங்கிலிமாடன் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். இப்போது அவன் வாயில் 'சார்' வரவில்லை.

"உசுரக் குடுத்தது நீருதான், இல்லேங்கல. காலப் போக்குனதும் நீருதான். எனக்கு இனி உப்பளம் இல்ல. ஆனா இன்னொருத்தன் ரோட்டுல கெடந்தான்னா, போயிட்டுத் திரும்பி வராதேயும். மொதத் தடவையே நிப்பாட்டும்."