நரி சுட ஒரு மலிவுத் துவக்கு

கொயோட்டி நரிகள் ஏழாவது ஆட்டையும் கொண்டுபோன பிறகுதான் வசீகரன் துவக்கு வாங்கச் சம்மதித்தான். நாய் கட்டிப் பார்த்தாயிற்று, மின்கம்பி இழுத்துப் பார்த்தாயிற்று. அந்தச் சனியன்களுக்கு எல்லாமே விளையாட்டு. லவாலுக்கு வடக்கே குத்தகைக் காணியில் ஆடு வளர்த்து மொன்ட்ரியால் தமிழருக்கு இறைச்சி விற்கலாம் என்று, இருந்த வேலையையும் விட்டுவிட்டு இறங்கிய மனிதன் அவன்.

சம்மதித்தான் என்றா சொன்னேன்? மனைவி சாம்பவி சம்மதிக்க வைத்தாள். துவக்கு வைத்திருப்பதற்கான வகுப்புக்குப் போய், பிரெஞ்சில் சோதனை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்ததும் அவள்தான். தனக்குப் பிரெஞ்சு ஓடாது என்று அவன் சாட்டுச் சொல்லியிருந்தான்.

உண்மை வேறு. எண்பத்தாறில், ஊரில், அவன் ஓர் ஆயுத இயக்கத்தில் இருந்தான். சாம்பவியின் அண்ணன் இரவிச்சந்திரன் வேறோர் இயக்கத்தில் இருந்தான். அண்ணனைச் சுட்டது வசீகரனின் இயக்கம். கலியாணம் பேசி முற்றாகிய அன்று, அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தபோதுதான் அவள் யாருடைய தங்கை என்று இவனுக்குத் தெரிந்தது. அந்தக் காலத்தில் கொழும்பில் புடவைக்கடையில் நின்றதாகச் சொல்லிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஏழு வருடம் ஓட்டிவிட்டான். அவள் மீது அவனுக்கு உயிர். தெரிந்தால் போய்விடுவாள் என்ற பயம் ஒருநாளும் அவனை விட்டதில்லை.

ஆகவே லவாலில் துவக்குக் கடைக்குள் நுழையும்போதே ஒரு முடிவோடு போனான்: வாயைத் திறப்பதில்லை, எதையும் தொடுவதில்லை.

கடைக்காரன் கிறகரி விலை குறைந்தவையாக மூன்றை எடுத்து வைத்தான். முதலாவது புதுசு, ஆனால் ஒற்றை வெடி. குறி தப்பினால் அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் நரி அடுத்த ஊரில் நிற்கும். மற்ற இரண்டும் பழையவை. ஒன்று மினுக்கி வைத்த மணப்பெண் மாதிரி இருந்தது. மற்றது பிடியெல்லாம் கீறல், விலையும் முப்பது டொலர் கூட. சாம்பவிக்கு மினுக்கியதுதான் பிடித்தது. வசீகரன் நின்ற இடத்திலிருந்தே கண்டுவிட்டான், குழலின் வாய் தேய்ந்திருந்தது. அதை வாங்கினால் நரிக்குப் படாது, வானத்துக்குத்தான் படும்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் காசை எடுத்தாள். புவாண்ட்-கிளேரில் இரவு வேலைக்குப் போய்ப் பெட்டி அடுக்கிச் சம்பாதித்த காசு. பாவி மனிதனுக்குப் பொறுக்கவில்லை. மினுக்கிய துவக்கைக் கையில் எடுத்தான். பின்பூட்டை இழுத்துக் கழற்றினான். குழலின் பின்வாயில் பெருவிரல் நகத்தை வைத்து, நகத்தில் விளக்கு வெளிச்சம் விழச் சரித்து, முன்வாயால் உள்ளே பார்த்தான். குண்டைச் சுழற்றி நேரே அனுப்பும் சுருள்வரி ஒன்றும் மிச்சமில்லை. கீறல் விழுந்ததை எடுத்து அதேபோலப் பார்த்தான். வரிகள் பளிச்சென்று இருந்தன.

“இதை எடும்” என்றான்.

கிறகரி, ஐயா விஷயம் தெரிந்தவர் என்று பாராட்டினான். சாம்பவி கையெழுத்துப் போட்டாள், காசைக் கொடுத்தாள், துவக்குப் பெட்டியைத் தானே தூக்கிவந்து காரின் பின்சீட்டில் வைத்தாள்.

“புடவைக்கடையிலை நகம் வைச்சுப் பாக்கப் பழக்கினவங்களோ?” என்று காரில் ஏறியதும் கேட்டாள். “அண்ணையும் இப்பிடித்தான் பாக்கிறவர்.”

நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து நின்றது. ஏழு வருடப் பொய்யில் அவனுக்கே அலுத்துப்போயிருந்தது. இயக்கத்தின் பெயரைச் சொன்னான். அண்ணனைச் சுட்ட அன்று எங்கே நின்றான் என்று கேட்டாள்.

“நான் சுடேல்லை, சாம்பவி. றோட்டிலை ஏறுற ஒழுங்கை முகப்பிலை காவலுக்கு மட்டும்தான் நிண்டனான்.”

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்:

“அம்மா அந்த ஒழுங்கையாலைதான் ஆக்களைக் கூப்பிட ஓடி வந்தவ. மறிச்சுத் திருப்பி விட்டது நீங்களோ?”

“ஓம்” என்றான்.

அவள் அழவில்லை. இறங்கிப் பின்கதவைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் திரும்பினாள். கிறகரி காசைத் திருப்பித் தரமாட்டான், இருக்கிற ஆடுகளும் போய்விடும் என்று வசீகரன் என்னென்னவோ சொன்னான்.

“தராட்டி விடட்டும்” என்றாள். “இது வீட்டிலை இருந்தா நான் என்ன செய்வனெண்டு எனக்குத் தெரியேல்லை.”