அடுத்த குடா

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக ஆட்டி, வராதே என்று பாறை மேலிருந்து சைகை காட்டினாள் ஓர்ஃபெலினா. படகு மூன்றாவது முறையாகத் திரும்பிக் கடலுக்குள் போனது. அதில் அவள் கணவன் நிபால்டோவின் உடல் கிடந்தது. காலையில் சிப்பி எடுக்க மூழ்கி மேலே வந்தவன், நெஞ்சு அடைக்கிறது என்று சாய்ந்தான். அவ்வளவுதான் என்று படகை ஓட்டிவந்த அவன் தம்பி எவூசெபியோ ரேடியோவில் சொல்லியிருந்தான்.

போன வருடம் வரை குடாவின் வாய் முழுக்கப் பழுப்புக் கடற்பாசிக்காடு. வெளியே எவ்வளவு பெரிய அலை கிளம்பினாலும் அதற்குள் நுழைந்து, சோர்ந்துதான் கரைக்கு வரும். பாசிக்கு நல்ல விலை வந்தபோது நிபால்டோ கடப்பாரையோடு இறங்கி எல்லாவற்றையும் வேரோடு பெயர்த்தான். ஓர்ஃபெலினா கரையில் விரித்துக் காயவைத்தாள். வீட்டுக்குப் புதுக் கூரை போட்டார்கள். இப்போது அலை நேராக வந்து பாறையில் அறைந்தது.

அவள் இடுப்பிலிருந்த ரேடியோ கரகரத்தது. "அண்ணி, இங்க முடியாது. படகு உடைஞ்சிரும். செல்மீரா பக்கம் போறேன்."

"அவ விடுவாளா?"

"கேட்டுக்கிட்டா போக முடியும்?"

அடுத்த குடாவின் செல்மீரா கரையொதுங்கும் பாசியை மட்டும்தான் பொறுக்குவாள். கடப்பாரையை வைக்காதே, தண்ணீர் சும்மா விடாது என்று நிபால்டோவிடம் சொல்லிப் பார்த்தாள். "உன் பாசிக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வெச்சிட்டியா?" என்று அவன் ஊர்க் கூட்டத்தில் சிரித்தான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ஓர்ஃபெலினா பாறைகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது செல்மீரா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். நீண்ட இலைகள் நீர்மேல் படுத்துக் கிடந்தன. அலை அவற்றுக்குள் நுழைவது தெரிந்தது. வெளியே வந்தது தெரியவில்லை.

குடாவுக்குள் பாதி வழி வந்த படகின் இயந்திரத்தில் பாசி சுற்றிக்கொண்டது. எவூசெபியோ கத்தியை எடுத்தான். பிறகு செல்மீராவைப் பார்த்தான்.

"அறு," என்றாள் அவள். "வேர விட்டா வளந்துக்கும்."

அவன் சுற்றியதை மட்டும் அறுத்தான். இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டுத் துடுப்பு போட்டான்.

ஓர்ஃபெலினாவும் தண்ணீரில் இறங்கினாள். "நானும்தான் சேந்து காயவெச்சேன், செல்மீரா."

செல்மீரா படகின் முனையைப் பிடித்தாள். "நீ அந்தப் பக்கம் பிடி. கல்லு வழுக்கும், பாத்து."

படகு ஆடாமல் நின்றது. ஓர்ஃபெலினா உள்ளே குனிந்து, அவன் கழுத்தை இறுக்கியிருந்த ரப்பர் உடையைத் தளர்த்தி விட்டாள்.