ஹீட்டர் வாயில் மோர்மிளகாய்

என் மகள் ஸ்ருதி மூன்று மாதமாக என்னோடு கதைக்காமல் இருந்தாள். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அவள் கோபித்த காரணம் உலகத்துக்கே தெரியும். தெரியப்படுத்தியதே நான்தான்.

சிட்னியில் படிக்கிறவள், ஈஸ்டருக்கு முதல் ஒரு சோதனையில் கோட்டை விட்டுவிட்டாள். அழுதழுது என்னிடம் மட்டும் சொன்னாள். கேட்டவுடன் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், லண்டன், கனடா, யாழ்ப்பாணம் என்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குரூப்பில், "ஸ்ருதி சோதனையில ஃபெயில். எல்லாரும் பிள்ளையாருக்கு நேர்ந்து கொள்ளுங்கோ" என்று போட்டுவிட்டேன். நல்லதுக்குத்தான் போட்டேன். டொரொண்டோ மச்சாள் நூற்றியொரு மோதகம் நேர்ந்தாள். ஸ்ருதியோ குரூப்பை விட்டு விலகவும் இல்லை, ஒரு சொல் எழுதவும் இல்லை. என் போனை எடுப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஒருக்கா மன்னிப்புக் கேளுமன்" என்றார் என் மனுசன் சிறிதரன்.

"பெத்த தாய் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேக்கிறதோ? நல்ல கதை!"

அன்றிலிருந்து அந்த மனுசன்தான் எங்கள் தபால்காரன். நான் அவரிடம் சொல்வேன், அவர் அவளிடம் சொல்வார்.

மே மாதம் முடிகிறபோது, நாங்கள் இருக்கிற டார்னெய்ட்டில் குளிர் தொடங்கி ஐந்து மணிக்கே இருட்டிவிடும். உடுப்புக் காயாது. ஹீட்டர் நாள் முழுக்க ஓடும். குளிர்கால விடுமுறைக்கு ஸ்ருதி வருகிறாள், ஐந்து நாள் நிற்பாள் என்று அவர் செய்தி கொண்டுவந்தார்.

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவளோ?"

"இல்லையப்பா."

குசினிக்குள் போய்க் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். அந்த ஐந்து நாளும் வாய் திறக்காமல் போனாளென்றால், அதுவே எங்களுக்குப் பழகிப்போய்விடும். அந்தப் பயத்தில் எனக்கு நித்திரையே இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கைதான் வந்தது. அவளுக்குச் சோறும் பருப்பும் பொரித்த மோர்மிளகாயும் இருந்தால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டாள். இரண்டு கிலோ பச்சைமிளகாயைக் கீறி, உப்புத் தயிரில் மூன்று நாள் ஊறவைத்தேன். பிறகுதான் உறைத்தது, காயவைக்க வெயில் எங்கே? வெளியே வைத்தால் மழை. வீட்டுக்குள் வைத்தால் பூஞ்சணம்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டில் ஹீட்டர்க் காற்று நிலத்தில் இருக்கிற கம்பி வாய்களால் வரும். கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டுகளில் மிளகாயைப் பரப்பி, ஒவ்வொரு வாய்க்கு மேலும் ஒன்று வைத்தேன். நாலு நாளில் சலசலவென்று காய்ந்தது. வீடு முழுக்கப் புளித்த மணம். மனுசன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தார்.

"தட்டுகளை எடுமப்பா, பிள்ளை வரப்போறாள்."

"இன்னும் ஒரு நாள் காயட்டும், நீங்கள் சும்மா இருங்கோ."

சனிக்கிழமை விமான நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிவந்தார். மெலிந்துபோயிருந்தாள். அவள் என்னைத் தாண்டிப் பார்த்து, "அப்பா, வீடு ஃப்ரீசிங். ஹீட்டரைக் கூட்டுங்கோ" என்றாள்.

அவரும் முழுசாகக் கூட்டிவிட்டார். நாலு நாளாகக் கம்பியிடுக்கால் உள்ளே விழுந்துகிடந்த மிளகாய் விதையெல்லாம் சூடேறிக் கிளம்பியது. முதலில் அவர் தும்மினார். பிறகு நான் இருமினேன். ஐந்து நிமிடத்தில் மூன்று பேருக்கும் கண்ணாலும் மூக்காலும் ஊற்றியது. ஸ்ருதி ஓடிப்போய் ஹீட்டரை நிறுத்தினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிலத்தில் இருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

"அம்மா! என்ன விசர் வேலை இது? ஆர் யூ சீரியஸ்?"

என்னைப் பார்த்துத்தான் கத்தினாள், தகப்பனைப் பார்த்து இல்லை. எனக்குக் கோபமே வரவில்லை. "உனக்கெண்டுதான் போட்டனான்" என்றேன்.

அவள் போனை எடுத்துத் தட்டுகளைப் படம் பிடித்தாள். அடுத்த நிமிடம் என் போன் கிணுகிணுத்தது. குடும்ப குரூப். என்னுடைய பழைய செய்தியைத் தேடியெடுத்து, முன்பகுதியை மட்டும் மாற்றியிருந்தாள்: "அம்மா ஹீட்டரில மிளகாய் காயவச்சவா. எல்லாரும் பிள்ளையாருக்கு நேர்ந்து கொள்ளுங்கோ."

சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. லண்டன் சித்தப்பா, கொக்குவில் அண்ணா, பேர் மறந்துபோன யாரோ ஒரு மருமகன். டொரொண்டோ மச்சாள் மோதகத்தை இருநூறாக்கினாள். எனக்கு முகம் பற்றி எரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். இது வெறும் மிளகாய். அதற்கே இப்படி. அவள் ஒரு அறையில் தனியாக இருந்து, தான் தோற்றதை ஒவ்வொருத்தராக வந்து விசாரிப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"ஸ்ருதி, அதை நான் குரூப்பில போட்டது பிழை. பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா."

மனுசன் இருமலை அடக்கிக்கொண்டு வெளியே போனார். அவள் குனிந்து ஒரு தட்டைத் தூக்கி என் கையில் தந்தாள்.

"பொரியுங்கோ அம்மா, பசிக்குது. நான் ஜன்னலைத் திறக்கிறன்."